தெருவுக்கு முதுகு காட்டிய வீடு

கொழும்பு 3, அல்ஃபிரட் பிளேஸ், 5ஆம் இலக்கம். 1960ல் தொடங்கி 1962ல் கட்டி முடித்த ஒரு வீடு அங்கே இருந்தது. 2009 வாக்கில் அதை ஓடு ஓடாக, கல் கல்லாகப் பிரித்து, எண் போட்டு, தெற்கே 60 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிற பெந்தோட்டை பக்கம் கொண்டுபோனார்கள். அங்கே மறுபடி எழுப்பி முடித்தது 2016ல்.

கோயிலைப் பெயர்த்து மேட்டில் வைத்த கதை நமக்குத் தெரியும். அஸ்வான் அணைக்காக அபு சிம்பெலை 1960களில் அப்படித்தான் நகர்த்தினார்கள். ஆனால் இது கோயிலும் இல்லை, எந்த மன்னரும் கட்டினதும் இல்லை. ஒரு ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரியின் குடும்பம் குடியிருந்த வீடு, அவ்வளவுதான்.

என்னை இதுல இழுத்தது ஒரு முரண். "மனை என்ன சொல்லுதோ அதைக் கேட்டுக் கட்டின வீடு" என்பதற்குத் தெற்காசியக் கட்டடக்கலை பற்றிய புத்தகங்கள் திரும்பத் திரும்பக் காட்டும் உதாரணம் இந்த வீடு. அந்த மனைக்காகவே வரைஞ்சது என்றால், வேற மனையில் அது எப்படி நிற்கும்? நின்றாலும் அது அதே வீடுதானா? இந்தக் கேள்வியோடு அதன் பிளானைக் கொஞ்ச நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் கட்டடக்கலை படித்தவன் இல்லை. வரலாறு படிக்கிறவன் பார்வையில்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டைக் கட்டச் சொன்னவர் ஏனா டி சில்வா. 1922ல் பிறந்தவர். மாத்தளை அருகே அளுவிகாரையைச் சேர்ந்த கண்டிப் பிரபுக் குடும்பம். அப்பா சர் ரிச்சர்ட் அளுவிகாரை, இலங்கைக் காவல்துறையின் தலைமைப் பதவிக்கு வந்த முதல் இலங்கையர். ஏனா வீட்டை விட்டு ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட ஒஸ்மண்ட் டி சில்வாவும் பிறகு அதே பொலிஸ் மா அதிபர் பதவிக்கு வந்தார். 1959ல் அந்தப் பதவி போனது. அடுத்த வருஷம் வீட்டு வேலை தொடங்கியது. ஏனா பிறகு பாத்திக் துணி ஓவியத்தில் இலங்கையின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவரானார். பெந்தோட்டை பீச் ஹோட்டலின் வரவேற்புக் கூடத்து விதானத்தை நிரப்பியது அவருடைய பாத்திக்தான்.

அவர் கேட்டது எளிமையான விஷயம் மாதிரித் தெரியும். தன் பரம்பரை வீட்டில் இருந்த மாதிரி நடுமுற்றமும் திறந்த தாழ்வாரமும் வேணும். அதே சமயம் வேலை செய்யத் தனி அறைகள் இருக்கிற நவீன வீடாகவும் இருக்கணும். கண்டி வளவுகளில் நடுமுற்றத்துக்கு 'மெத மிதுல' என்று பெயர். யாழ்ப்பாணத்து நாற்சார் வீடும் நம்ம செட்டிநாட்டு வளவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். ஆனால் அதெல்லாம் கிராமத்தில் ஏக்கர் கணக்கில் நிலம் உள்ளவர்கள் கட்டியது. ஏனாவிடம் இருந்ததோ நகரத்துக்குள் ஏறத்தாழ 30 பேர்ச் மனை.

30 பேர்ச் என்றால் சுமார் 750 சதுர மீட்டர். சென்னைக் கணக்கில் மூன்று கிரவுண்டுக்கும் மேல. "இதுவா சின்ன மனை?" என்று அரை கிரவுண்டுக்குக் கடன் கட்டிக்கொண்டிருப்பவர்கள் சிரிக்கலாம். அந்தக் காலத்துக் கொழும்பு மேட்டுக்குடிக்கு இது சின்னதுதான். அதைவிட, அவர் கேட்ட மாதிரி வீட்டை அதில் வைக்க முடியாது என்பதுதான் சிக்கல். முற்றம் வைத்தால் தோட்டம் கிடையாது. தோட்டம் விட்டால் முற்றம் கிடையாது.

இந்தச் சிக்கல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பங்களா என்கிற வடிவத்தில் கொண்டுபோய் விடும். வெள்ளைக்காரர் காலத்தில் பழகிப்போன வழி இது: மனையின் நடுவில் வீடு, நாலா பக்கமும் தோட்டம், வெளியே பார்க்கும் ஜன்னல்கள். பெரிய தோட்டத்துக்கு நடுவில் அது நல்ல ஏற்பாடு. காத்து நாலு பக்கமும் வரும், பக்கத்து வீட்டுச் சத்தம் கேட்காது. நகரம் வளர்ந்து மனைகளைக் கூறு போட ஆரம்பித்த பிறகும் வடிவம் மட்டும் மாறவில்லை. ஒரு ஏக்கரில் இருந்த பங்களாவைச் சுருக்கிச் சுருக்கி கால் ஏக்கரில், அதற்கும் கீழே வைத்தார்கள். நாலு பக்கத் தோட்டமும் நாலு சந்தாகிப் போச்சு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு ஜன்னல்.

இந்தச் சந்து நமக்கும் பழக்கமானது. செட்பேக் விட்டுக் கட்டின எந்தத் தனி வீட்டையும் சுத்தி வந்து பாருங்க. மோட்டார், கேஸ் சிலிண்டர், உடைஞ்ச சைக்கிள், மிச்சம் போன டைல்ஸ். காசு கொடுத்து வாங்கின நிலத்தில் கணிசமான பங்கு யாரும் உட்காராத இடமாகக் கிடக்கும்.

ஏனாவின் வீட்டுக்கு வரைபடம் போட்டவர் ஜெஃப்ரி பாவா. 1919ல் கொழும்பில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் இலக்கியம், பிறகு சட்டம், கொஞ்ச நாள் வக்கீல். 1948ல் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் ஏரிக்கரையில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை வாங்கி, அதைத் தோட்டக்கலைத் தோட்டமாக மாற்றப் போய், தனக்குக் கட்டடக்கலை தெரியவில்லை என்று உணர்ந்து லண்டனில் படிக்கப் போனார். தகுதி பெற்றது 1957ல், 38 வயதில். அந்தத் தோட்டத்தின் பெயர் லுணுகங்க. கடைசியில் இந்தக் கதை அங்கேதான் வந்து சேரும்.

பாவா செய்தது ஒரே ஒரு காரியம். பங்களாவை உள்ளே வெளியே திருப்பிப் போட்டார். நடுவில் இருந்த வீட்டை ஓரத்துக்குத் தள்ளினார், ஓரத்தில் சந்தாகக் கிடந்த வெற்றிடத்தை எல்லாம் சேர்த்து நடுவுக்குக் கொண்டுவந்தார். நாலு சந்து சேர்ந்து ஒரு முற்றமானது. சுற்றுச்சுவர் தனியாக, வீடு தனியாக இல்லை. சுவரையொட்டி அறைகள், அறைகளுக்கு நடுவே தாழ்வாரங்கள், ஓரங்களில் சின்னச் சின்ன முற்றங்கள், எல்லாவற்றுக்கும் மேலே தணிந்து இறங்கும் ஓட்டுக் கூரை. தெருவில் போகிறவருக்குச் சுவரும் கூரையும்தான் தெரியும். உள்ளே நுழைந்தால் கருங்கல் பாவிய முற்றம், அதில் பழைய அரைவைக் கற்கள், மரம், வானம்.

அழகுக்காகச் செய்த மாதிரித் தோன்றினாலும் இதில் சீதோஷ்ணக் கணக்கு இருக்கிறது. கொழும்பு கிட்டத்தட்ட 7 டிகிரி வடக்கில் இருக்கிறது. வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. பகலுக்கும் ராத்திரிக்கும் வெப்பத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. ராஜஸ்தானில் தடித்த சுவர் பகல் வெயிலைத் தாங்கி ராத்திரிக் குளிரில் ஆறிவிடும். இங்கே அது பலிக்காது. வியர்வை உலர வேணும், அதுக்குக் காத்து ஓடணும். ஓடுகிற காத்து மழையோடு உள்ளே வரக்கூடாது. அதனால்தான் நீண்ட இறவாரம், ஆழமான தாழ்வாரம். ஒரு முற்றத்திலிருந்து இன்னொரு முற்றத்துக்குக் கதவு திறந்தே கிடக்க, காற்று அறைகளுக்குள் புகுந்து போகும். சின்ன முற்றங்கள் இதற்குத்தான். பெரிய முற்றம் ஒன்று மட்டும் இருந்தால் பின்சுவரை ஒட்டிய அறைகளுக்குக் காத்து ஒரு பக்கம் வந்து அங்கேயே நின்றுவிடும்.

நாட்டின் கஜானாவும் இந்த வீட்டுக்கு ஒரு மனை மாதிரித்தான் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. 1960களின் தொடக்கத்தில் இலங்கையில் அன்னியச் செலாவணித் தட்டுப்பாடு. இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு. கண்ணாடியும் எஃகும் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஐரோப்பியப் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த கண்ணாடிச் சுவர் வீடுகளை வரையத் தெரிந்த ஆள் பாவா. கட்டப் பொருள் இல்லை. செங்கல், சுண்ணாம்புப் பூச்சு, உள்ளூர் மரம், கருங்கல், சுட்ட ஓடு. இவைதான் இருந்தன. கண்ணாடி கிட்டத்தட்ட இல்லாமலே வீட்டை முடித்தார்கள். இல்லாமையை ரொம்பப் புகழ்வதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் கண்ணாடி தாராளமாகக் கிடைத்திருந்தால் அந்தத் தாழ்வாரங்களில் பாதி ஏசி அறைகளாகியிருக்கும் என்பது என் சந்தேகம்.

கூரையைப் பத்தி தனியாகச் சொல்லணும். நாட்டு ஓடு பார்க்க அழகு, ஆனால் நழுவும். பூனை நடந்தால் நழுவும், குரங்கு வந்தால் கேட்கவே வேணாம். ஒவ்வொரு மழைக்கு முன்னாலயும் ஆள் ஏறி மாத்தணும். நெளிந்த கல்நார் சிமெண்ட் ஷீட் ஒழுகாது, ஆனால் அவலட்சணம், உள்ளே அனல். பாவாவின் அலுவலகம் ரெண்டையும் சேர்த்தது. கீழே ஷீட், அதன் நெளிவுகளைப் பிடித்துக்கொண்டு மேலே அரைவட்ட ஓடு. தண்ணீரை ஷீட் தடுக்கும், வெயிலை ஓடு தாங்கும். வழக்கமாக ஒரு வரிசை மல்லாந்தும் ஒரு வரிசை கவிழ்ந்தும் அடுக்க வேண்டிய ஓட்டில் ஒரு வரிசையே போதும். செலவும் எடையும் குறைந்தன. பிறகு இலங்கை முழுக்க இது பரவியது. கல்நார் நுரையீரலுக்கு என்ன செய்யும் என்று இன்றைக்குத் தெரியும், அதனால் அந்த ஷீட்டை இப்போது யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். சூத்திரம் நல்ல சூத்திரம்.

பாவா என்று ஒருமையில் எழுதிக்கொண்டே போகிறேன், அது சரியில்லை. அந்த வருஷங்களில் அவருக்குச் சரிசமமாக வேலை செய்தவர் உல்ரிக் பிளெஸ்னர் என்ற டென்மார்க்காரர். தன் பங்கைப் பற்றி 2012ல் வந்த நினைவு நூலில் அவரே எழுதியிருக்கிறார். பிளெஸ்னர் இலங்கைக்கு வந்தது பாவாவுக்காக இல்லை, கண்டியில் இருந்த மினெட் டி சில்வாவிடம் வேலை செய்ய.

மினெட்டைச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுதுவது அநியாயம். 1918ல் பிறந்தவர். 1948ல் பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் கழகத்தில் இணை உறுப்பினரான முதல் இலங்கைப் பெண். அவர் கட்டின முதல் வீடு 1949-51ல், கண்டியில் செங்குத்தான மலைச்சரிவில். சரிவை வெட்டிச் சமதளமாக்கி அதன் மேல் ஒரு பெட்டியை வைப்பதுதான் சுலபம். அவர் வீட்டையே படிப்படியாக உடைத்து, ஒரு தளத்துக்கும் இன்னொரு தளத்துக்கும் அரைமாடி வித்தியாசம் வருகிற மாதிரி சரிவோடு இறங்க விட்டார். உள்ளே தும்பர நெசவுப் பாய், அரக்கு வேலை, சுட்ட மண் ஓடுகளில் நடன உருவங்கள். ஊர்க் கைவினைஞர்களை அலங்காரத்துக்குக் கூப்பிடாமல் வீட்டின் பாகங்களையே செய்ய வைத்தார். இதை 1953ல் 'மார்க்' பத்திரிகையில் எழுதியும் வைத்தார். ஏனாவின் வீட்டைப் பற்றி நாம் இன்றைக்குப் பாராட்டுவதில் பாதியாவது பத்து வருஷத்துக்கு முன்னாலேயே கண்டியில் நடந்துவிட்டது. இலங்கைக் கட்டடக்கலைஞர் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது 1996ல். ரெண்டு வருஷத்தில் இறந்துபோனார்.

சரி, பாவாவுக்கும் பிளெஸ்னருக்கும் திரும்புவோம். அல்ஃபிரட் பிளேஸ் முடிந்த அடுத்த வருஷம், 1963ல், அவர்களுக்கு முற்றிலும் வேற மாதிரி ஒரு மனை கிடைத்தது. குருநாகல் மாவட்டத்தில் நிக்கவரெட்டிய பக்கம், பொலொன்தலாவ என்ற தோட்டம். சுவிஸ் கம்பெனி ஒன்றுக்குச் சொந்தமானது. தோட்ட மேலாளருக்கு ஒரு பங்களா வேணும். கம்பெனி காட்டிய இடத்தை விட்டுவிட்டு, சுத்திப் பார்க்கப் போன ரெண்டு பேரும் யானை யானையாகப் பாறைகள் கிடந்த ஒரு இடத்தில் நின்றுவிட்டார்கள். வீடு இங்கேதான் என்று முடிவு.

பாறைக்காட்டுக்கு அளவெடுத்துப் பிளான் போடுவது லேசான வேலை இல்லை. அவர்கள் குச்சியும் கயிறும் கொண்டுவந்து மண்ணிலேயே வீட்டை வரைந்தார்கள். ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்குக் கான்கிரீட் உத்திரம். அதன் மேல் ஓட்டுக் கூரை. அறைக்கு ஒரு பக்கம் சுவர் இருக்கும், இன்னொரு பக்கம் பாறையே சுவர். வெடி வைத்து ஒதுக்கியிருக்க வேண்டியதை வீட்டின் அங்கமாகச் சேர்த்துக்கொண்டார்கள். 1965ல் முடிந்தது.

இந்த ரெண்டு வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் என் கேள்விக்குப் பதில் கிடைக்க ஆரம்பித்தது. அதே ரெண்டு பேர், அதே அலுவலகம், ரெண்டு மூன்று வருஷ இடைவெளி. ஓட்டுக் கூரையும் ஒன்றுதான். ஆனால் மனையோடு வைத்த உறவு நேர் எதிர். பொலொன்தலாவவில் மனைதான் வீடு. பாறையை எடுத்துவிட்டால் கூரை விழுந்துவிடும். அல்ஃபிரட் பிளேஸில் மனை என்பது நாலு எல்லைக்கோடு மட்டும். அந்தக் கோட்டுக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்பதை வீடு கேட்கவே இல்லை, கேட்காமல் இருக்கத்தான் அப்படி வரைந்தார்கள். தனக்கு வேண்டிய தோட்டம், வெளிச்சம், காற்று, காட்சி எல்லாவற்றையும் சுவருக்குள்ளேயே செய்து வைத்துக்கொண்டது. மண்ணில் வேரோடியது என்று எல்லாரும் புகழ்ந்த அந்த வீடு, உண்மையில் ஒரு தொட்டிச் செடி. அதனால்தான் அதைத் தூக்க முடிந்தது.

தூக்க வேண்டி வந்த கதை சுருக்கமானது. ஏனா 1980களில் கொழும்பை விட்டு அளுவிகாரைக்கே போய், ஊர்ப் பெண்களுக்கு வேலை கொடுக்கும் பாத்திக், தையல் நிலையத்தை நடத்தினார். கொழும்பில் நிலத்தின் விலை ஏறியது. அந்த மனையில் ஒரே ஒரு குடும்பத்துக்கு, அதுவும் நடுவில் வெறும் வானத்தை விட்டுக் கட்டின வீடு, கணக்குப்படி நஷ்டம். பக்கத்திலிருந்த ஒரு மருத்துவமனை மனையை வாங்கியது. வீட்டை மட்டும் பாவாவின் பெயரில் இயங்கும் அறக்கட்டளை எடுத்துக்கொண்டது. கட்டடக்கலைஞர் அமிலா டி மெல் முன்னின்று அளவெடுத்து, பதிவு செய்து, பிரித்து, லுணுகங்கவில் மறுபடி கட்டினார். மரவேலை, கருங்கல், கதவு எல்லாம் எண் போட்டுப் போனவை. சுவரையும் பூச்சையும் அப்படித் தூக்க முடியாது. அதைப் புதிதாகத்தான் கட்டணும். 2015ல் ஏனா காலமானார். வேலை முழுசாக முடிந்தது அதற்கு அடுத்த வருஷம்.

பாவாவின் சொந்தக் கொழும்பு வீட்டை இப்படிப் பிரித்து எடுத்துப் போயிருக்க முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். பேகடெல் ரோடுக்குப் பக்கத்தில் ஒரு முட்டுச்சந்தில், வரிசையாக இருந்த நாலு குட்டி பங்களாக்களில் ஒன்றில் 1958ல் குடியேறி, ஒவ்வொன்றாகச் சேர்த்து, பத்து வருஷத்தில் நாலையும் ஒரே வீடாக்கினார். செட்டிநாட்டுப் பழைய வீட்டிலிருந்து வந்த தூண்கள்கூட அதில் நிற்கின்றன. அந்த வீட்டின் ஒவ்வொரு வளைவும் ஏற்கெனவே இருந்த ஒரு சுவருக்குச் சொன்ன பதில். சுவரை விட்டுவிட்டு பதிலை மட்டும் எங்கே கொண்டுபோவது?

ஏனாவின் வீட்டைப் பாராட்டியே முடிக்க எனக்கு மனசில்லை. தெருவுக்கு முதுகு காட்டுவது ஒரு வீடு செய்தால் புத்திசாலித்தனம். தெருவில் எல்லாரும் செய்தால்? ரெண்டு பக்கமும் மதில், நடுவில் தார் ரோடு. திண்ணையில் உட்கார்ந்து போகிறவரை விசாரிக்கிற வழக்கம் நம்ம பக்கத்துத் தெருக்களுக்குக் கொடுத்த பாதுகாப்பை எந்த மதிலும் கொடுக்காது. கொழும்பில் இந்த வடிவம் வசதியானவர்களிடம் பரவியது. 1983க்குப் பிறகு போர்க்காலப் பயமும் சேர்ந்து மதில்கள் இன்னும் உயர்ந்தன. அதற்குப் பாவாவைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவர் கண்டுபிடித்த தீர்வு, வீட்டுக்குள் இருப்பவருக்கான தீர்வு. தெருவில் நடப்பவருக்கு அதில் கூரையின் நிழல்கூட விழாது. மனைக்குப் பதில் சொல்வது வேறு, சுற்றுப்புறத்துக்குப் பதில் சொல்வது வேறு. முதலாவதில் அந்த வீட்டுக்கு நூற்றுக்கு நூறு போடுவேன், ரெண்டாவதில் யோசிப்பேன்.

இந்தக் குறை புது இடத்தில் வேடிக்கையாக மாறிவிட்டது. லுணுகங்க என்பதே பார்ப்பதற்காகச் செய்த தோட்டம். பாவா ஐம்பது வருஷம் மண்ணை வெட்டியும் மரத்தை விலக்கியும் ஏரியையும் தூரத்துக் குன்றையும் வீட்டு முன்னால் கொண்டுவந்தார். அதன் ஓரத்தில் இப்போது நிற்பது, எதையும் பார்க்க மறுத்துக் கட்டின வீடு. மறைக்க வேண்டிய அக்கம்பக்கத்து ஜன்னல் ஒன்றுகூட அங்கே இல்லை. சுவர் மட்டும் அல்ஃபிரட் பிளேஸில் இருந்த அதே எல்லைக்கோட்டில் ஓடுகிறது. விருந்தினர் தங்க அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள். தங்குகிறவர்கள் காலையில் ஏரியைப் பார்க்கணும்னா, கதவைத் திறந்து வீட்டுக்கு வெளியே வந்து, கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருக்கும்.